கிடா குலுக்கிய நாள்

கல்யாண வீட்டுப் பந்தியில் என் இலையில் மட்டும் பாயசம் இல்லாததைக் கண்டால் உங்களில் யாராவது ஒருத்தி கேட்காமல் விடுவதில்லை. "கறியும் மீனும் வேண்டாம்னா செரி. பாலு என்ன பாவம் செஞ்சு? மோரு என்ன பாவம் செஞ்சு?" நானும் வயிற்றுக்கு ஆகாது என்பேன், டாக்டர் வேண்டாமென்றார் என்பேன். எல்லாம் பொய். என் வயிற்றுக்கு ஒரு கோளாறும் கிடையாது. இந்த எண்பது வயதிலும் பனங்கிழங்கை நாரோடு கடித்துத் தின்கிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அடுத்த வீட்டுப் பெண் போன மாதம் வந்திருந்தாள். இப்படிச் சாப்பிடுவதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம். வீகன். "நீங்க அந்தக் காலத்துலயே வீகன், பெரியம்மா" என்று சொல்லி என்னை செல்போனில் படம் பிடித்தாள். உயிர்களிடம் இரக்கம் என்றாள், பூமிக்கு நல்லது என்றாள், ரொம்பப் புண்ணியம் என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. நல்ல பிள்ளை, பாவம், முகம் வாடிப் போய்விட்டாள். புண்ணியமாவது மண்ணாவது. என் கதையில் அது எங்கேயும் கிடையாது.

உங்களுக்காவது உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நாம் எல்லோரும் ஒரே வயதுக்காரர்கள். இனி யார் முந்தி, யார் பிந்தி என்பதுதான் பாக்கி.

நம்முடைய ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது. கொட்டாரம் ஊருக்கு வடக்கே, வயலைத் தாண்டி, பாசனச் சானல் கரையோரம் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கொட்டாரத்தில் பலசரக்குக் கடை. பக்கத்து வீடு பெரியப்பா வீடு. அப்பாவுக்கு மூத்தவர். குடும்பத்து மாடன் கோயிலுக்கு அவர்தான் எல்லாம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா மறுவார்த்தை பேசமாட்டார். எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு இரண்டு.

தம்பிக்கு அந்த வருஷம் ஆடியிலேயே வயிறு ஊத ஆரம்பித்தது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. தொப்புளைச் சுற்றிப் பச்சை நரம்பு தெரியும். கண்ணில் மஞ்சள். நாள் முழுக்க அம்மாவின் இடுப்பிலேயே இருப்பான், சிணுங்குவான், ஆனால் அழுவதற்குத் தெம்பு இராது. வைத்தியம் பார்க்கும் ஆசான் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"ஈரலுல கட்டி. பசும்பால நிறுத்து. வெள்ளாட்டுப் பால் குடு. கறந்த சூட்டோட காச்சிக் குடுக்கணும், கேட்டியா?"

ஓணத்துக்கு முந்தின வாரம் அப்பா ஒரு வெள்ளாட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஒரு குட்டி ஓடி வந்தது. கறுப்பு. பிறந்து பதினைந்து நாள் இருக்கும், கிடாக்குட்டி. வாசலில் வந்து நின்றதும் முதல் வேலையாகத் தாயின் மடியில் முட்டிக் குடிக்கப் போனது. அப்பா அதன் பின்னங்காலைப் பிடித்து இழுத்து என் கையில் கொடுத்தார். "இத நீ பாத்துக்க. தள்ளைகிட்ட விடப்பிடாது. சொட்டுப் பால் குடிச்சாலும் உன் தம்பிக்குத்தான் கொறையும்."

எனக்குக் கிடைத்த வேலை அதுதான். காலையில் கறப்பதற்கு முன் ஒரு நிமிஷம் குட்டியை மடியில் விட வேண்டும், அப்போதுதான் தாய் பால் சுரக்கும். சுரந்ததும் இழுத்துவிட வேண்டும். வாயில் நுரையோடு அது கத்தும். மற்ற நேரமெல்லாம் அதைப் பெரிய ஓலைக்கடவக் கூடையால் மூடி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பேன். தாய் இந்தப் பக்கம் கத்தும், குட்டி கடவத்துக்குள் கத்தும். பத்து நாளில் இரண்டும் தொண்டை கட்டிப் போயின.

குட்டிக்குச் சோறு வடித்த தண்ணீர். முதலில் குடிக்கவே இல்லை. என் விரலை முக்கி அதன் வாயில் வைத்தேன். சொரசொரவென்ற நாக்கு. விரலைச் சுற்றி இழுத்த இழுப்பில் என் அடிவயிறு கூசியது. அன்றைக்கு விரலில் பழகியது, பிறகு சட்டியில் பழகியது, அப்புறம் பலா இலை, அகத்தி என்று தின்று எப்படியோ பிழைத்துக்கொண்டது. அது இல்லாமலே தாய் சுரக்கப் பழகியதும் மடியில் விடும் அந்த ஒரு நிமிஷமும் நின்றது. அதன் பாலை அதன் வாயிலிருந்து பிடுங்கியவளும் நான், அதற்கு அம்மையாக ஆனவளும் நான். இந்த அநியாயம் எனக்கு அப்போது தெரியவில்லை. குட்டிக்கும் தெரியவில்லை, பாவப்பட்ட சவம், என் பின்னாலேயே சுற்றியது.

கறந்த பாலைக் காய்ச்ச ஒரு பித்தளைப் போணி இருந்தது. அம்மாவின் சீதனம். உள்ளே ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரியும். ஈயம் பூசுகிறவன் ஊருக்கு வந்து வெகுநாளாயிற்று என்று அம்மா சொல்வாள், சொல்லிக்கொண்டே அதில் காய்ச்சி, அதிலேயே மூடி வைத்து, நேரத்துக்கு நேரம் எடுத்துப் புகட்டுவாள். முன்னே பசும்பாலும் அதில்தான். நாற்பது வருஷம் கழித்து நாகர்கோவிலில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர், "ஈயம் பூசாத பித்தளையில வச்ச பால் கைக்குழந்தை ஈரலுக்கு ஆகாதும்மா. அந்தக் காலத்துல பல பிள்ளைகள் அதுலயும் போயிருக்கும்" என்றார். உங்க தம்பி அதனால்தான் போனான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இருந்த பித்தளை முழுவதையும் எடைக்குப் போட்டேன். போட்டு என்ன ஆகப்போகிறது?

குட்டி வளர்ந்தது. தினமும் சானலில் குளிப்பாட்டுவேன். கரையேறினதும் அது உடம்பை ஒரு உதறு உதறும், நான் நனைந்து போவேன். அதனால் தள்ளி நின்றுகொண்டு, கையைத் தட்டி, "குலுக்கு மக்கா, குலுக்கு" என்பேன். அது காதிலிருந்து வால் வரைக்கும் குலுக்கும். ஒரு மாதத்தில் தண்ணீரே வேண்டியிருக்கவில்லை. காய்ந்த உடம்போடு நின்றாலும் நான் அந்த வார்த்தையைச் சொன்னால் போதும், குலுக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். இலை கிடைக்கும் என்ற எண்ணம்.

நோவு வந்தபிறகு தம்பி முதன்முதலாகச் சிரித்தது அதைப் பார்த்துத்தான். அம்மா இடுப்பில் துவண்டு கிடந்தவன் தலையைத் தூக்கி, பல்லைக் காட்டி, கெக்கெக்கென்று சிரித்தான். அம்மா உலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஏட்டி, இன்னொருக்கா செய்யச் சொல்லு! இன்னொருக்கா!" நான் சொன்னேன், குட்டி குலுக்கியது, தம்பி சிரித்தான், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றுமுதல் பால் புகட்டும் நேரமெல்லாம் இந்த வித்தை. அவன் சிரிக்கும்போது வாய் திறக்கும், அம்மா சங்கால் பாலை ஊற்றிவிடுவாள். "குக்கு மக்கா" என்று அவனும் சொல்லப் பழகினான். அவன் பேசின வார்த்தை மொத்தம் ஏழெட்டு இருக்கும். அதில் இது ஒன்று.

மாசியில் தம்பிக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. வயிற்றில் நீர் கட்டிவிட்டது. அப்பா ஒருநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து, மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். வண்டிக்கும் சொல்லிவிட்டார். பெரியப்பா வந்தார்.

"எங்க கொண்டு போற? அங்க கத்திய வச்சுக் கீறிப் பாப்பான். பங்குனியில கோயில் கொடை வருது. மாடனுக்கு ஒரு கிடா நேந்து போடு. கொடை கழியட்டும், அப்பறமும் சுகமாவலன்னா கொண்டு போ."

"அதுக்குள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, அண்ணே?"

"மாடனுக்கு மேலயா லே, உன் டாக்டரு?"

அப்பா வண்டியைத் திருப்பி அனுப்பினார். அதோடு அவர் பேச்சு முடிந்தது. நல்ல மனுஷர் எங்கள் அப்பா, ஆனால் அன்றைக்கு ஒரு பேச்சு எதிர்த்துப் பேசியிருக்கலாம். இதை அவர் செத்தபிறகுதான் என்னால் நினைக்கவே முடிந்தது.

சந்தையில் வாங்கும் கிடா செல்லாது என்றும் பெரியப்பா சொன்னார். வீட்டில் வளர்ந்ததாக இருக்க வேண்டும், கொடுக்கும்போது வலிக்க வேண்டும். அம்மா அந்த நிமிஷமே விளக்கு முன்னால் போய் நின்று நேர்ந்துகொண்டாள். கறுப்புக் கிடா, மாடனுக்குப் பிடித்த நிறம். கிடாயின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். தம்பி பிழைப்பான் என்றால் எனக்கு வேறு என்ன வேண்டும்?

நேர்ந்துவிட்டது குறைபட்டு நிற்கக்கூடாதென்று அம்மா கிடாயைத் தாயிடம் அவிழ்த்துவிட்டாள். இனி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கட்டும் என்றாள். கிடா போய் மடியை மோந்து பார்த்தது. தாய் திரும்பி ஒரே முட்டாக முட்டித் தள்ளியது. தன் பிள்ளை என்று அதற்கு அடையாளம் தெரியவில்லை. பிரித்து ஐந்தாறு மாசமாகிவிட்டதே. கிடா திரும்பி வந்து என் பாவாடையைச் சப்பிக்கொண்டு நின்றது. நான் அன்றைக்கு அழுத அழுகையை யாரும் கவனிக்கவில்லை.

கொடைத் திருவிழா அன்று உச்சிவேளை. மேளமும் வில்லுப்பாட்டும் சேர்ந்து காது அடைத்தது. அரளிப்பூ வாடை, சாம்பிராணிப் புகை, காலடியில் கொதிக்கும் மணல். கிடாயைக் குளிப்பாட்டி, பூமாலை போட்டு, பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் பெண்கள் கூட்டத்தில் அம்மாவை ஒட்டி நின்றேன். தம்பி அவள் இடுப்பில், நெற்றி நிறையத் திருநீறு.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மஞ்சள் தண்ணீரைக் கிடாயின் தலையில் தெளிப்பார்கள். அது தானாக உடம்பைக் குலுக்கினால் மாடன் ஏற்றுக்கொண்டார், உத்தரவு ஆயிற்று. குலுக்கவில்லையென்றால் வெட்டக்கூடாது. பெரியப்பா தெளித்தார். கிடா நின்றது. மறுபடி தெளித்தார். காதை மட்டும் ஆட்டியது. ஒரு செம்பு தண்ணீரை முதுகோடு ஊற்றினார். ஒன்றும் இல்லை. மேளச் சத்தத்தில் அது பயந்து விறைத்துப் போயிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. மேளம் நின்றது. சாமியாடி கண்ணை மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பெண்கள் கூட்டத்தில் யாரோ, "பிள்ள தங்காது போலிருக்கே" என்றார்கள்.

அம்மா தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் குனிந்தாள். வாய் என் காதில் பட்டது.

"ஏட்டி, நீ விளிச்சா குலுக்கும்லா?"

நான் கிடாயைப் பார்த்தேன்.

"விளி மக்கா. பைய விளி. ஒருத்தருக்கும் கேக்காண்டாம். உன் தம்பில்லா? விளி."

அவள் என் புஜத்தைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. தம்பியைப் பார்த்தேன். மஞ்சள் கண். நான் இரண்டடி முன்னால் போய், கிடாயின் முகத்துக்கு நேரே வந்தேன். அது என்னைக் கண்டதும் வாலை ஆட்டியது. "குலுக்கு மக்கா, குலுக்கு" என்றேன். மூச்சில்தான் சொன்னேன்.

காதிலிருந்து வால் வரைக்கும் குலுக்கியது. குலுக்கிவிட்டு என் கையைப் பார்த்தது.

குலவை எழுந்தது. மேளம் வெடித்தது. பெரியப்பா இரண்டு கையையும் தூக்கி மாடனைக் கும்பிட்டார். அம்மா இடுப்பில் தம்பி கெக்கெக்கென்று சிரித்தான். "குக்கு மக்கா" என்று கையைத் தட்டினான். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் வெட்டினார்கள்.

கறியைப் பங்கு வைப்பதற்கு முன்னால் ஈரலைத் தனியே எடுத்துப் பெரியப்பா எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஈரலில் கட்டி என்றால் ஈரலைத்தான் கொடுக்க வேண்டுமாம். அம்மா கனலில் சுட்டு, மசித்து, தம்பிக்கு ஊட்டினாள். அவன் துப்பினான். துப்பியதை வழித்து மறுபடி ஊட்டினாள். எனக்கும் இலையில் கறி வைத்தார்கள். நான் எழுந்துபோய் சானல் கரையில் வாந்தி எடுத்தேன். வெயில் கொண்டுவிட்டது என்றார்கள்.

கொடை கழிந்து இருபத்தோராம் நாள் தம்பி போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், வண்டியில், அப்பாவின் மடியில். சுசீந்திரம் கூடத் தாண்டவில்லை. அப்பா வண்டியைத் திருப்பச் சொன்னார். இந்த முறை அவரைத் தடுக்க யாரும் இல்லை, அவசரமும் இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். கிடாயையும் வாங்கிக்கொண்டு பிள்ளையையும் எடுப்பாரா மாடன்? எங்கேயோ ஒரு பிழை இருக்க வேண்டும். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "கொடையில ஒரு கொறையும் இல்ல. கிடா எப்பிடிக் குலுக்கிச்சுன்னு நாட்டுக்கே தெரியும். பிழை இந்த வீட்டுலதான் இருக்கு." அம்மா சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பிழை என்று அவள் எத்தனை நாள் யோசித்தாளோ. வீட்டுக்குத் தூரமான நாள்கணக்குத் தப்பியதா, விளக்குத் திரி குறைந்ததா, நேரும்போது மனசில் வேறு நினைப்பு வந்ததா என்று மறுபக்கத்து வீட்டு அக்காளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவாள். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் அந்த ஒன்றுதான் உள்ளே கிடந்தது. மாடன் வேண்டாமென்றுதான் சொன்னார், நான் ஏமாற்றிவிட்டேன், அதற்குத்தான் தம்பியை எடுத்துக்கொண்டார். பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். இப்போது நம்பவில்லை. நம்பாததால் பாரம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முன்பு ஒரு சாமியாவது இருந்தது, திட்டுவதற்கு.

பதினாறு கழிந்த மறுநாள் காலையில் அம்மா ஆட்டைக் கறந்தாள். கை பழகிய வேலை. அடுப்பில் வைத்தாள், பொங்கியதும் இறக்கினாள், தம்ளரில் ஊற்றி ஆற்றினாள். நுரை அடங்கும்வரை ஆற்றிவிட்டு, தம்பி இருக்கும் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் நின்றாள். பிறகு தம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"குடி மக்கா."

"எனக்கு வேண்டாம்."

"வீணாப் போவும். குடி."

நான் தலையை ஆட்டினேன். விரதமும் இல்லை, சபதமும் இல்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் கடவத்துக்குள்ளிருந்து வரும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இந்த எழுபது வருஷமும் எனக்கு அவ்வளவுதான். இதனால் ஒரு ஆடும் பிழைக்கவில்லை, ஒரு பிள்ளையும் பிழைக்கவில்லை.

அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ விளிச்சிருக்கப்பிடாது. அது தானாக் குலுக்கியிருக்கணும்."

அவள் அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் இருந்தாள். இதைப் பற்றி வேறு ஒரு வார்த்தை நாங்கள் பேசியதில்லை. நீதானே அம்மா விளிக்கச் சொன்னாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அன்றைக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பிள்ளைகள் அடிக்குப் பயந்து பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஆமா, அம்மா" என்றேன்.